இடப்பக்கச் சுவர்

மூன்றாவது வளைவு வந்ததும் கண்ணாடிக்காரம்மா காரை நேராகக் கொண்டுபோய் இடப்பக்கச் சுவரில் மோதுகிறார். கை தவறி அல்ல, வேண்டுமென்றே. திரையில் காரின் மூக்கு நசுங்கிப் புகைகிறது. மேசை விளிம்பில் திருகி வைத்திருக்கும் விளையாட்டு ஸ்டியரிங் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்குகிறது. அவர் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஒரு கணம் கேட்கிறார், பக்கத்திலிருக்கும் தாளில் ஒரு டிக் அடிக்கிறார். மறுபடி முதலிலிருந்து ஆட்டம். இந்தத் தடவை வலப்பக்கச் சுவர்.

"அந்தக் காரைப் பாத்தா பாவமா இருக்கும்மா. ஒரு நாளாவது அதை ஊர் போய்ச் சேர விடேன்" என்பாள் மகள்.

"சேந்தா எனக்கு என்ன தெரியப்போவுது? மோதினாத்தான் சத்தம் எந்தப் பக்கம் வருதுன்னு தெரியும்."

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ்களைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே முக்காலி. இடது கைப்பக்கம், தோளை உரசுகிற தூரத்தில், தேய்க்கும் இயந்திரம். பொருத்தி முடித்த கண்ணாடியை வாங்க வந்தவருக்கு மாட்டிவிட்டு, ஒவ்வொரு கண்ணாக அட்டையால் மறைத்து, சுவரில் உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொல்வார். சிலர் சங்கோஜத்தில் "நல்லாத் தெரியுதும்மா" என்று தலையாட்டிவிடுவார்கள். விடமாட்டார். "எனக்காகச் சொல்லாதீங்க. தெரியறதைச் சொல்லுங்க. வீட்டுக்குப் போய்ப் படியில உருண்டா அப்புறம் என்னைத்தான் திட்டுவீங்க."

காரை மோதவிடும் வேலை கணவரிடமிருந்து வந்தது. அவர் தண்ணீர் வாரியத்தில் எழுத்தர். வீட்டுக்கு வந்தால் லினக்ஸ். உலகெங்கும் தன்னார்வலர்கள் கூடி எழுதி, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தும்படி விட்டிருக்கும் கணினி அமைப்பு அது. அவரிடம் ஒரு பழைய சவுண்ட் கார்டு இருந்தது. சத்தம் வருவதும் அதன் வழியாகத்தான், பழைய விளையாட்டு ஸ்டியரிங்கைச் செருகுவதும் அதில்தான். தயாரித்த நிறுவனம் கடையை மூடிவிட்டுப் போனது. லினக்ஸுக்கு அந்தக் கார்டோடு பேசத் தெரியவில்லை. பேசக் கற்றுக்கொடுக்கும் நிரலை, ஆயிரத்து நானூறு வரிகள், கணவர் மூன்று வருடம் உட்கார்ந்து எழுதினார். எழுதியது லினக்ஸிலேயே சேர்க்கப்பட்டது. அதன் முதல் வரியில் அவர் பெயர் இருக்கிறது.

ஒருமுறை லினக்ஸின் புதுப் பதிப்பைப் போட்டதும் சத்தமே வரவில்லை. மனிதர் பெட்டியைப் பிரித்து, கார்டைக் கழற்றி, சூட்டுக்கோலால் ஈயம் பற்றவைத்து ஒரு விடுமுறை நாளையே தொலைத்தார். கடைசியில் பார்த்தால் கார்டு ஊமையாக்கி வைக்கப்பட்டிருந்தது. லினக்ஸ் சில சமயம் எல்லாச் சத்தத்தையும் அடைத்துவிட்டுத்தான் கண் விழிக்கும். ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். இதைச் சொல்லிக் கண்ணாடிக்காரம்மா ஒரு வாரம் சிரித்தார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அலுவலகப் படிக்கட்டில் மூச்சு வாங்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவருடைய முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. லினக்ஸின் ஒலிப் பகுதியைக் கவனித்துக்கொள்ளும் ஒருவர் எங்கோ ஒரு தூரதேசத்திலிருந்து கேட்டிருந்தார்: இந்தக் கார்டை இன்னும் யாராவது வைத்திருக்கிறீர்களா? சோதித்துச் சொல்ல ஆளில்லை என்றால் நிரலை நீக்கிவிடலாம் என்றிருக்கிறோம். கண்ணாடிக்காரம்மா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மூன்று வரி பதில் போட்டார். கார்டு இருக்கிறது. எழுதியவர் இல்லை. கேட்டுச் சொல்ல நான் இருக்கிறேன்.

அன்றிலிருந்து இரண்டு இரண்டரை மாதத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் அதை நிறுவி, காரை இரண்டு சுவரிலும் மோதி, எழுதி அனுப்புகிறார். இடது கேட்கிறது. வலது கேட்கிறது. ஸ்டியரிங் குலுங்குகிறது. நிறுவும் கட்டளைகளை மகள் ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். நிரலில் ஒரு வரிகூட அவருக்குப் புரியாது. "எனக்கு எழுதத் தெரியாது, கேக்கத் தெரியும்" என்பார். மின்னஞ்சல் அனுப்பும் மனிதரை 'தம்பி' என்றுதான் குறிப்பிடுவார்.

"அவருக்கு எழுபது வயசு இருக்கும்மா."

"இருக்கட்டும். மரியாதை தெரிஞ்ச தம்பி."

இந்த வருடம் வந்த பதிப்பில் இடப்பக்கம் கேட்கவில்லை. ஊமையாக்கியிருக்கிறதா என்று முதலில் பார்த்தார். இல்லை. இடப்பக்கச் சத்தத்தை ஏற்றினார், கடைசி வரைக்கும் ஏற்றினார். சுவரில் மோதிய கார் வாயடைத்து நின்றது. எழுதி அனுப்பினார். தம்பி மூன்று வாரம் வரிவரியாகத் தேடிவிட்டு, நிரலில் குறை தெரியவில்லை, பழைய பதிப்பைப் போட்டுப் பாருங்கள் என்றார். போன வருடம் இரண்டு பக்கமும் கேட்கிறது என்று இவரே எழுதிய பதிப்பு. அதிலும் இடப்பக்கம் கேட்கவில்லை. புது ஹெட்போன் வாங்கினார். கார்டைக் கழற்றி, அதன் பித்தளைப் பற்களை அழிரப்பரால் தேய்த்துத் துடைத்து மறுபடி செருகினார். கேட்கவில்லை.

அப்படியென்றால் கார்டு போய்விட்டது என்றார் தம்பி. சோதிக்க வேறு கார்டு யாரிடமும் இல்லை. வருத்தத்தோடுதான் எழுதியிருந்தார். அடுத்த திங்கட்கிழமை நிரலை நீக்கிவிடுகிறோம்.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்த மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேசை முன்னால் உட்கார்ந்தாள். "எடுக்கத்தான் போறாங்க. அதுக்கு முன்னாடி நானும் ஒரு தடவை மோதிட்டுப் போறேன்." ஹெட்போனை மாட்டிக்கொண்டு காரை விரட்டினாள். மூன்றாவது வளைவு. அடுத்த கணம் தலையை உதறி ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள்.

"ஐயோ, காதே போச்சு! இவ்வளவு சத்தமாவா வெப்பே?"

"எந்தக் காது?"

"இது" என்று இடது காதைத் தேய்த்துக் காட்டினாள் மகள்.

கண்ணாடிக்காரம்மா கைக்கடிகாரத்தைக் கழற்றி வலது காதருகே வைத்தார். பிறகு இடது காதருகே. அங்கேயே வெகுநேரம் வைத்திருந்தார்.

"கடையில ஒவ்வொரு கண்ணா மூடிப் பாக்கறவதானே நீ" என்றாள் மகள். திட்டிக்கொண்டே எறிந்த ஹெட்போனை எடுத்து மேசையில் வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே வழி சொன்னாள். "கார்டு சரியாயிடுச்சுன்னு ஒரு வரி எழுதிப் போட்டுரும்மா. அப்பா எழுதினது தப்பிச்சுரும். காது விஷயம் அவங்களுக்கு எதுக்கு? தெரிஞ்சா, காது கேக்காதவங்களை வெச்சு எப்படிச் சோதிக்கறதுன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். மூணு வாரம் ராப்பகலா தேடியிருக்கு அந்தப் புள்ள. தானா சரியாயிடுச்சுன்னு சொன்னா எதனாலன்னு இன்னும் தேடும். இல்லாத தப்பை எத்தனை நாள் தேடும்?"

எழுதினார். நிரலில் குறையில்லை. கார்டிலும் குறையில்லை. என் இடது காது கேட்கவில்லை, அது எனக்குத் தெரியாமல் இருந்தது. எப்போதிலிருந்து என்று சொல்ல முடியவில்லை. ஆகவே போன வருடம் நான் எழுதியவற்றில் எதை நம்பலாம் என்பதையும் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். என் மகளுக்கு இரண்டு பக்கமும் கேட்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பதில் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் காது மருத்துவரிடம் போனார். தேய்க்கும் இயந்திரத்தின் இரைச்சல் தின்ற காது இனித் திரும்பாது என்று அவர் சொல்லிவிட்டார். கடை முதலாளி பதறினார். "இத்தனை வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"எங்கிட்டயே யாரும் சொல்லல முதலாளி" என்றார் கண்ணாடிக்காரம்மா.

சாயங்காலம் வந்து கணினியைத் திறந்தபோது பதில் இருந்தது. மகள் வாசித்தாள். காதைப் பற்றிக் கேட்டு வருந்துகிறேன். இப்படி ஒரு அறிக்கை எனக்கு இதுவரை வந்ததில்லை. நீக்குவதை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஆனால் இடப்பக்கம் கேட்கிறது என்று ஒரு சோதனை பதிவாக வேண்டும், அதுவும் இன்றைக்கே. இனிமேல் உங்கள் மகளே கேட்டுச் சொன்னாலும் போதும்.

"குடும்மா, நான் கேட்டு எழுதிடறேன்" என்று மகள் கையை நீட்டினாள்.

கண்ணாடிக்காரம்மா கொடுக்கவில்லை. ஹெட்போனை மடியில் வைத்து ஒரு கணம் பார்த்தார். பிறகு இடது என்று குறித்திருந்த பக்கம் வலது காதுக்கு வரும்படி அதைத் திருப்பி மாட்டிக்கொண்டார்.