மஸாஹிராவின் வகுப்பில் நான் சொல்லாமல் விட்ட பிழை

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஆய்வுகூட உதவியாளர் நஸீர் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். "மஸாஹிரா மிஸ் மௌத்தாகிட்டாங்க. அசர் தொழுகைக்குப் பிறகு ஏறாவூரில அடக்கமாம்" என்றார். அழுகைக்கு முன் எனக்கு வந்த நினைப்பை, இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும், அவரை அறிந்த உங்களிடம் மறைக்கப்போவதில்லை: இனி என்னை அவரோடு யாரும் ஒப்பிடமாட்டார்கள்.

'நரம்பு மீளுருவாக்கமும் மூளைச் சீரமைப்பும்' என்ற உயர்நிலைப் பாடத்தை எங்கள் துறையில் தொடங்கவேண்டும் என்று வருடக்கணக்காகக் கேட்டவள் நான். பாடத்திட்டத்தை எழுதியவளும் நானே. வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் முடித்து வந்த, என்னைவிட ஏழு வயது இளைய மஸாஹிராவிடம் அதைக் கொடுத்தார்கள். எனக்குச் செய்முறை வகுப்பு.

அவர் வகுப்பில் பின்வரிசையில் போய் உட்காருவேன். குறை பிடிக்கத்தான். ஒருநாள் மாங்கேணி மீனவர் ஒருவரைக் கூட்டிவந்தார். போத்தல் ஓடு வெட்டி முழங்கைக்குக் கீழே அறுந்த நரம்பைத் தைத்து மூன்று மாதம். விரல்கள் இன்னும் மரத்தே கிடந்தன. மஸாஹிரா அவர் கையில் மெல்லத் தட்டிக்கொண்டே போக, ஓரிடத்தில் மனுசன் துள்ளினார்.

"டொக்டர், விரலுக்குள்ள கரண்ட் அடிக்கிது!"

"நரம்பு இவ்வளவு தூரம் வந்திட்டுது" என்று பேனையால் அங்கே புள்ளி வைத்தார். "நாளுக்கு ஒரு மில்லிமீற்றர். அவசரம் நமக்குத்தான், அதுக்கில்லை."

மாணவர்கள் எழும்பி எட்டிப்பார்த்தார்கள். அதே விடயத்தைப் பத்து வருடம் கரும்பலகையில் படிப்பித்தவள் நான். ஒருவரும் எழும்பியதில்லை.

அடுத்த பாடத்தின் சிலைட்டுகளைப் பார்த்துச் சொல்லும்படி எனக்கு அனுப்பினார். நரம்பு வளர உதவும் உயிர்க்கலங்களின் பெயரும், மூளையில் அதைத் தடுக்கும் கலங்களின் பெயரும் இடம் மாறியிருந்தன. கண்டேன். 'நல்லாயிருக்கு' என்று பதில் எழுதினேன்.

அந்த வகுப்பைப் பார்க்க வெளியிலிருந்து வந்த பரீட்சகரின் முன்னால் ஒரு மாணவி அதைப் பிடித்துவிட்டாள். மஸாஹிரா திரையைத் திரும்பிப் பார்த்தார். "ஓம், என்ட பிழைதான். கண்டுபிடிச்ச பிள்ளைக்குக் கைதட்டுங்க" என்றார். அந்தக் கைதட்டலும் அவருக்கே கிடைத்தது போல எனக்கு எரிந்தது.

புற்றுநோய் என்று அறிந்து அவர் விடுப்பில் போனபோது பாடம் என்னிடம் வந்தது. ஏறாவூர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் அக்கா. ஒரு எழுத்துப்பிழையையும் விடமாட்டீங்க. அது கண்ணில படாம இருக்குமா?"

"ஏன் கேக்கல்ல?"

"கேட்டா நீங்க வகுப்புக்கு வாறதை நிப்பாட்டியிருப்பீங்க. உங்களுக்குப் பயந்துதான் ஒவ்வொரு பாடத்தையும் ரெண்டு தரம் ஆயத்தப்படுத்தினன்."

மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. தேத்தண்ணி ஆறுது, குடியுங்க என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். வகுப்புக்கு முதல்நாள் என் சிலைட்டுகளை, துறையில் என்னை அவ்வளவாகப் பிடிக்காத ஓர் இளம் விரிவுரையாளருக்கு அனுப்புகிறேன். போன கிழமை மூன்று பிழைகளைச் சிவப்பில் குறித்துத் திருப்பியனுப்பினார். முகம் சுட்டது. திருத்திக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.