திரைக்குப் பின்னால் அடித்த மணி

டைப்ரைட்டரில் ஒரு வரி முடியப்போகும்போது ‘டிங்’ என்று மணி அடிக்கும். அது நின்றுபோனால் இன்றும் எனக்குக் கை வேலையில் ஓடாது. தென்காசி ரத வீதியில் எங்கள் டைப்பிங் சார் நடத்திய இன்ஸ்டிடியூட்டில், ஒரு சாரல் காலத்துக் காலையில் பிடித்த பயம் அது.

குற்றாலத்துக்குக் குளிக்க வந்த வெளியூர் முதலாளி ஒருவர் பம்புசெட் கம்பெனி தொடங்க ஊர் தேடுகிறார், படித்த ஆள் கிடைக்கும் ஊரில்தான் பணம் போடுவார் என்று கேள்விப்பட்டதும், சார் அருவிக்கரைக்கே போய் ஈரத்தலையோடு நின்றவரை அழைத்துவிட்டார். திரும்பி வந்து, “எலே, எங்க ஊர்ப் பிள்ளைய மாதிரி எங்கயும் கெடைக்காதுன்னு அளந்துட்டு வந்திருக்கேன். கவுத்திராதீங்க” என்றார். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து வேலையில்லாமல் திரிந்த எங்களுக்கு, அந்த முதலாளி வேறு ஊருக்குப் போய்விட்டால் பம்பாய் ரயில்தான் கதி.

அந்தப் பயத்தில் சார் ஒரு தப்பு செய்தார். வழக்கமாக நடுவில் தொங்கும் திரைக்கு அந்தப் பக்கம் தட்டும் பெண்பிள்ளைகளை, “இன்னைக்கு மெஷினைத் தொடாதீங்க. கல்யாணம் வரை பொழுதுபோக்குத இடம்னு நெனச்சிருவாரு” என்று அடக்கி வைத்தார்.

முதலாளி வந்தார். நாங்கள் தட்டிய தட்டில் மேசைகள் ஆடின. அவர் கையமர்த்தினார், மணிகள் ஓய்ந்தன. “நல்லாத்தான் அடிக்கிறீங்க. நான் இங்க கம்பெனி போட்டா, ரெண்டு வருஷம் கழிச்சு உங்கள்ல எத்தனை பேர் இங்க இருப்பீங்க?”

எல்லாரும் குனிந்து மெஷினில் இருந்த தாளைச் சரிசெய்தோம். பம்பாய்க்கு மனுப்போடாதவன் எங்களில் எவன்? அந்தச் சாரல் குளிரிலும் சாருக்கு வேர்த்தது. முதலாளி எழுந்தார்.

திரைக்குப் பின்னால் ‘டிங்’.

பாவூர்சத்திரத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் அக்கா ஒருத்தி திரையை விலக்கினாள். “இவனுவ போவானுவ சார். எங்களை யாரு பம்பாய்க்கு ரயில் ஏத்திவிடப் போறா? நாங்க இங்கனதான் இருப்போம். எங்களையும் எண்ணுங்க.”

“ஏட்டி!” என்றார் சார், பாதிக் குரலில்.

முதலாளி மறுபடி உட்கார்ந்தார். “தட்டும்மா, பார்ப்போம்.”

குத்துக்கல்வலசைப் பக்கம் கம்பெனி வந்தது. நானும் அந்த அக்காவும் அதன் ஆபீஸில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தோம். சார் அந்தத் திரையைக் கிழித்து மெஷின் துடைக்கும் துணியாக்கினார். அடுத்த தெருவில் சோப்புக் கம்பெனிக்காரர் ஒருவரும் வந்து இடம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். இங்கே ஆள் நிற்கும் என்ற பேச்சுதான் அவரையும் இழுத்தது.

ஆனால் போன வாரம் அக்காவைப் பெண்பார்க்க மதுரையிலிருந்து வந்துபோனார்கள். எத்தனை பேர் இங்க இருப்பீங்க என்று முதலாளி அன்று கேட்ட கேள்வி மறுபடி என்னைத் துரத்துகிறது. ஆபீஸில் எதிர்மேசையில் அக்காவின் மெஷின் மணி சற்றுத் தாமதித்தாலும் திடுக்கிட்டு நிமிர்கிறேன்.

“என்னலே முழிக்கே?” என்கிறாள் அக்கா. “ரிப்பன்தான் மாத்துதேன்.”