தழும்பில் இரண்டு இடைவெளி

இதயத்துக்குள் முழுசாக ஒரு தழும்பு இருந்து தொலைக்க வேண்டுமே என்ற கவலையோடு எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் கிடந்தேன். என் இதயத்தின் மேலறை தாளம் தப்பித் துடிக்கும். அதற்காக, அங்கே வந்து சேரும் ரத்தக்குழாய்களின் வாயைச் சுற்றி வட்டமாகச் சுட்டிருந்தார்கள். அப்லேஷன் என்று பெயர். சுட்ட இடம் தழும்பாகும். தாறுமாறான துடிப்பு அதைத் தாண்டி வராது. எட்டு மாதம் வரவில்லை. பிறகு சிங்கப்பூர் ஈசூன் பேட்டையில், எங்கள் வீட்டு மாடிப்படியில் வந்துவிட்டது. வட்டம் முழுசாக இருக்கிறதா, மறுபடியும் சுட வேண்டுமா என்று பார்க்கத்தான் இந்தப் படம்.

கையில் மருந்து ஏற்றி, மூச்சை வெளியே விட்டு அப்படியே நிறுத்தச் சொன்னார்கள். திரும்பத் திரும்ப. மூச்சில்லாமல் கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. விடாமல் முயன்றேன்.

டாக்டர் படத்தைக் காட்டினார். தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. இரண்டு இடத்தில் வெள்ளை இல்லை. சின்ன இடைவெளிதான், சகஜம், இன்னொரு தடவை செய்துவிடலாம் என்று ஆங்கிலத்தில் இனிமையாகச் சொன்னார். எங்கள் குளியலறைத் தரையில் பூச்சு பூசியவர் இரண்டு இடத்தை விட்டுவிட்டதால் கீழ்வீட்டில் தண்ணீர் ஒழுகியபோது நான் அவரிடம் இனிமையாகப் பேசவில்லை. டாக்டருக்கோ 'தேங்க்யூ' சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் இன்னும் எரிந்தது.

மனைவியை உள்ளே அழைத்துப் போகவில்லை. உனக்குப் புரியாது, வெளியே இரு என்றிருந்தேன். தேக்கா சந்தை உணவுக்கடையில், சர்க்கரை இல்லாத தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர், வாங்கிக்கொண்டு உட்கார்ந்த பிறகு, இரண்டு இடத்தில் தழும்பு இல்லையாம் என்றேன். அவள் முகம் மலர்ந்தது.

"தழும்பே இருக்கக் கூடாதுன்னுதான் நாப்பத்தெட்டு நாளா விளக்குப் போட்டேன். ரெண்டு இடமாவது தப்பிச்சுச்சே. அண்ணிக்கு மெசேஜ் போட்டுடவா?"

கத்தினேன். தழும்புதான் வைத்தியமே, இருக்க வேண்டியதை இல்லாமல் போக வேண்டிக்கொண்டவள் இந்தத் தீவிலேயே நீ ஒருத்திதான் என்றெல்லாம். பக்கத்து மேசையில் பிரியாணி சாப்பிட்டவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

நான் முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"இத என்கிட்ட யாரு சொன்னா? நூலகத்துல உங்க கூட்டாளிங்களுக்கு வரைஞ்செல்லாம் காட்டுனீங்க. என்கிட்ட, 'சின்ன வேலை லா, ஒண்ணுமில்ல'ன்னீங்க."

உண்மை. வாசகர் வட்டத்தில் இதயத்தைப் படம் போட்டு ஒரு மணி நேரம் விளக்கியவன் நான். கைகூடத் தட்டினார்கள். கோபம் ஒரு துளியும் குறையவில்லை, ஆள்தான் மாறிவிட்டான், இப்போது அது என்மேல்.

"மறுபடியும் சுடணுமா?"

"ஆமா."

"பயமா இருக்கா?"

இத்தனை மாதத்தில் கையெழுத்துப் போட்ட எந்தப் படிவத்திலும் இந்தக் கேள்வி இல்லை.

"இருக்கு. அதுக்கென்ன இப்ப?" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த தடவை டாக்டர் அறைக்குள் தானும் வருவதாகச் சொன்னாள். என் அனுமதியைக் கேட்கவில்லை.