அதே நாற்காலி, அதே திமிங்கலம்

இதை நான் இட்டுக்கட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் என் அக்காவிடமே போய்க் கேட்கலாம். ஆனால் அவள் பதில் சொல்ல மாட்டாள். பக்கத்தில் மகள் இருந்தால் பேச்சையே மாற்றிவிடுவாள். கூடப் பிறந்த எனக்கே ஒரே ஒரு முறைதான் சொன்னாள், அதுவும் சமையலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, வெளியே கேட்காதபடி. பொய் சொல்வதற்காக யாரும் அவ்வளவு தண்ணீரை வீணாக்க மாட்டார்கள்.

அக்கா ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவள். எழுதுகிறவள் என்று பேர்தான். மற்றவர்கள் எழுதிக் கெடுத்ததைச் சரிசெய்வதே பாதி வேலை. அன்றைக்கு ஆபீஸ் விடுமுறை. மேனேஜர் போன் செய்து, நாளைக் காலைக்குள் ஒரு கோளாறு தீர்ந்தே ஆக வேண்டும் என்று உயிரை எடுத்தார். அத்தான் வெளியூரில் இருந்தார். வேறு வழியில்லாமல் ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். நாங்கள் எல்லோரும் அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். பல வருஷம் ஏங்கிப் பெற்ற பிள்ளை. அக்காவுக்கு உலகத்தில் வேறு எதுவும் பெரிதில்லை.

பட்டப்பகல். பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று யார் சொன்னது? நீள ஹாலில் வரிசை வரிசையாகக் காலி மேஜைகள். ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. குட்டி மஞ்சள் கவுனோடு பக்கத்து நாற்காலியில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு திமிங்கலப் படத்துக்கு வண்ணம் தீட்டினாள். சர்க்... சர்க்... என்று பென்சில் சத்தம்.

"என்னம்மா பண்ற?"

அக்கா திரையில் திறந்திருந்தது டிபக்கர். ஓடுகிற புரோகிராமைப் பாதியில் நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்க்கிற கருவி. புரோகிராமில் ஒரு வேலை இன்னொரு வேலையைக் கூப்பிடும். கூப்பிடக் கூப்பிட, தட்டின் மேல் தட்டு அடுக்குவதுபோல ஒவ்வொன்றாக ஏறும், முடிந்தால் இறங்கிவிடும். அந்தத் தட்டுக்கு ஃபிரேம் என்று பேர். குறிப்பிட்ட ஒரு ஃபிரேம் முடிந்ததும் எனக்குச் சொல் என்று டிபக்கரிடம் கேட்டு வைத்திருந்தாள். அது சொல்லவே இல்லை. அதே ஃபிரேம்தான் இன்னும் ஓடுகிறது என்று சாதித்தது.

"இது அதே ஆளா, வேற ஆளான்னு இந்தப் பெட்டி எப்படிக் கண்டுபிடிக்குது தெரியுமா?" என்றாள் அக்கா. "ரெண்டே விஷயம்தான் பாக்கும். எந்த இடத்துல உக்காந்திருக்கு? என்ன வேலை செய்யுது? ரெண்டும் ஒண்ணா இருந்தா, அதே ஆளு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நீ முதுகுக்குக் கலர் அடிக்கிறியா, வாலுக்கு அடிக்கிறியான்னு பாக்காது. அது மாறிக்கிட்டே இருக்குமில்ல? அதே நாற்காலி, அதே திமிங்கலம். அப்ப நீதான்."

குட்டி யோசித்தாள். "நான் எழுந்து போயிட்டேன். வேற பாப்பா வந்து உக்காந்து, இதுக்கே கலர் அடிக்கிறா. அப்ப?"

"அப்பவும் நீதான்னு சொல்லும். ஏமாந்துடும்."

"மக்குப் பெட்டி!" என்று குட்டி சிரித்தாள்.

அக்காவுக்குப் பொறி தட்டியது. அதுதானே கோளாறு! முதல் ஃபிரேம் எப்போதோ முடிந்துவிட்டது. அது காலி செய்த இடத்திலேயே, அதே வேலை புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிறது. டிபக்கருக்கு வித்தியாசம் தெரியவில்லை. மகளுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுத் திரையில் மூழ்கினாள். மூழ்கிவிட்டால் வீடே பற்றி எரிந்தாலும் அவளுக்குத் தெரியாது.

சர்க்... சர்க்... காதில் விழுந்துகொண்டே இருந்தது. நடுவில் கொஞ்ச நேரம் நின்றது. தரையில் ஏதோ உரசும் சத்தம். பிறகு மறுபடி சர்க்... அக்கா கடைக்கண்ணால் பார்த்தாள். அதே நாற்காலி. அதே திமிங்கலம். நிம்மதியாகத் திரும்பிக்கொண்டாள்.

மூன்று மணி வாக்கில் ஏசி தானாக நின்றது. ஆனாலும் ஹால் குளிர்ந்துகொண்டே போனது.

எதை எது கூப்பிட்டது என்று பின்னோக்கிக் காட்டும்படி டிபக்கரிடம் கேட்டாள். கூப்பிட்டது வெளியே இருக்கும், கூப்பிடப்பட்டது அதற்கு உள்ளே இருக்கும். அதுதான் ஒழுங்கு. ஃபிரேம்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. பாதியில் நின்றன. கீழே ஒரு வரி.

முந்தையது இதற்கு உள்ளே இருக்கிறது. தடம் இத்தோடு நிற்கிறது.

அடுக்கு குலைந்து, வெளியே இருக்க வேண்டியது உள்ளே போய்விட்டால் வருகிற செய்திதான். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அன்றைக்கு ஏனோ மறுபடி மறுபடி படித்தாள்.

டொக்... டொக்...

ஹாலின் கோடியில் இருந்த கழிவறைக் கதவு.

"அம்மா... கதவு திறக்க மாட்டேங்குது..."

குட்டியின் குரல்.

சர்க்... சர்க்...

பக்கத்தில் பென்சில் நிற்கவில்லை.

அக்கா மெல்லத் திரும்பினாள். குட்டி குனிந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அதே மஞ்சள் கவுன்.

"குட்டி..."

"ம்?"

"நீ எழுந்து போனியா?"

"இல்லையே. இங்கேயேதான் இருக்கேன்."

டொக் டொக் டொக்... "அம்மா! பயமா இருக்கும்மா!"

அக்கா எழுந்தாள். சின்னக் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கை சூடாகத்தான் இருந்தது.

"போகாதம்மா. அது உன்னை ஏமாத்துது."

எது மகள்? யோசிக்க முடியவில்லை. இத்தனை வருஷத் தொழில் பழக்கம் அவளுக்காக யோசித்தது.

அதே நாற்காலி... அதே திமிங்கலம்...

இவள்தான்.

வாரித் தூக்கினாள். ஓடினாள்.

படிக்கட்டு முழுவதும் அந்தக் குரல் பின்னாலேயே வந்தது.

அம்மா... அம்மா... அம்மா...

வாசலில், வெயிலில் நின்று மூச்சு வாங்கியபோதுதான் உறைத்தது. பெட்டி இப்படித்தான் ஏமாறும் என்று சொன்னவளே அவள்தான்.

குட்டியை வாட்ச்மேன் மேஜையில் உட்காரவைத்துவிட்டு, அவரையும் இழுத்துக்கொண்டு மேலே ஓடினாள். கழிவறைக் கதவு தொட்டதும் சுவர் வரை திறந்துகொண்டது. தாழ்ப்பாள் போடவே இல்லை. உள்ளே யாரும் இல்லை.

"பாப்பா கீழதானே இருக்கு? எதுக்கும்மா அழுறீங்க?" என்றார் வாட்ச்மேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

இரவு குட்டி வழக்கம்போலச் சாப்பிட்டாள். வழக்கம்போல அடம்பிடித்தாள். அத்தானிடம் போனில் கொஞ்சினாள். குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அக்கா தூங்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிக்கொள்ளவும் பயம், கட்டிக்கொள்ளாமல் இருக்கவும் பயம். இன்றைக்கும் அப்படித்தான். பெற்றவளுக்கே தெரியவில்லை என்றால், வேறு யாரிடம் போய்க் கேட்பது?

மறுநாள் காலை, ஆபீஸ் கூட்டுகிற அம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். கழிவறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தி, அதன் உட்பக்கத்தைக் காட்டினாள். கதவு திறந்து சுவரோடு சாய்ந்திருக்கும்போது கண்ணில் படாத பக்கம் அது.

"முந்தாநாள் நான் தொடச்சப்ப இது இல்லம்மா. சத்தியமா இல்ல."

பெயின்ட் முழுவதும் நகத்தால் கீறியிருந்தது. ஒரே வார்த்தை. மேலே மேலே, வரி வரியாக...

அம்மா. அம்மா. அம்மா.

"கீழ பாருங்க, சின்னப் புள்ள கிறுக்கின மாதிரி இருக்கு. மேல போகப் போக எழுத்து திருந்திக்கிட்டே போகுது. இங்க பெரிய ஆளு எழுத்து. யாரோ உள்ளேயே இருந்து வளர்ந்த மாதிரி இருக்கும்மா..."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

கடைசி 'அம்மா' சரியாக அவள் கண் உயரத்தில் இருந்தது.