சும்மா இருப்பதும் ஓட்டுதானாம்

பச்சையம்மாள் அத்தை எங்கள் ஊராட்சியின் நான்காம் வார்டு உறுப்பினர். பௌர்ணமியானால் கிரிவலப் பாதையில் சுக்குக் காப்பி விற்கும். மற்ற நாளெல்லாம் யாரோடும் சண்டை வராமல் பார்த்துக்கொள்ளும். அதுதான் முழுநேர வேலை.

துணைத்தலைவர் இராமலிங்கத்துக்குத் தலைவரோடு தகராறு. இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் ஊராட்சிப் பணம் எடுக்க முடியும்; நான்கு மாதமாக இவர் செக்கில் கையெழுத்துப் போடவில்லை. அத்தை தெருவில் தண்ணீர் மோட்டார் ரிப்பேராகிக் கிடக்க, பெண்கள் குடத்தோடு மூன்று தெரு தாண்டிப் போனார்கள். ஆனால் அத்தையின் வீட்டுக்காரர் வேலூர் ஆஸ்பத்திரியில் இறந்தபோது, உடலை ஊர் கொண்டுவந்து சேர்த்தவரும் இந்த இராமலிங்கம்தான்.

அவரைப் பதவியிலிருந்து நீக்கச் சொல்லி, அத்தை தவிர மற்ற ஏழு உறுப்பினர்களும் எழுதிக் கொடுத்தார்கள். ஓட்டெடுப்பில் ஆறு பேர் கை தூக்கினால் போதும் என்று பேச்சு. எனவே கூட்டத்தன்று செங்கத்தில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட அத்தை நிம்மதியாகப் பட்டுப்புடவை எடுத்து வைத்தது. தண்ணீரும் வரும், இராமலிங்கம் அண்ணனும் கோபிக்க மாட்டார்.

கூட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மூன்றாம் வார்டு ஆர்த்தி அக்கா ஓடி வந்தார்.

"அத்தே, சட்டத்த மாத்திட்டாங்களாம். இப்ப எட்டு கை வேணுமாம். ஒம்போது பேர்ல அவர உட்டா மீதி எல்லாரும் தூக்கணும்."

"நான்தான் ஊர்லயே இல்லியே."

"வரலன்னா அவருக்கு ஓட்டு போட்ட மாதிரி."

"வளைகாப்புல குந்திக்கினு சோறு துன்னா அது எப்படிடி ஓட்டாவும்?"

அக்கா விரல் விட்டு எண்ணிக் காட்டினார். அத்தையும் எண்ணியது. நானும் எண்ணினேன், ஒரு தடவை பத்து வந்தது.

அதன்பிறகு அத்தை செய்ததை எந்தச் சட்டசபையிலும் யாரும் செய்திருக்க மாட்டார்கள். நேராக இராமலிங்கம் வீட்டுக்கே போய் யோசனை கேட்டது.

"அண்ணே, வந்தா உங்கள எடுக்கற மாதிரி, வரலன்னா வச்சிக்கற மாதிரியாம். நான் இன்னா பண்றது?"

"என்னையே கேக்கறியேம்மா!"

"வேற யார கேக்கறது? எல்லா ஃபாரமும் நீங்கதான எழுதிக் குடுப்பீங்க?"

அவர் சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. "வளைகாப்புக்குப் போம்மா."

"மோட்டாரு?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் அத்தை பட்டுப்புடவையோடு கூட்டத்துக்கு வந்தது. ஜன்னல் பக்கம் பாதி ஊர் நின்றது. ஏழு கைகள் எழுந்தன. எட்டாவது பாதி எழுந்து, காதோரம் நின்று, தலையைச் சொறிந்தது.

"தூக்கறீங்களாம்மா, சொறியறீங்களா?" என்றார் கூட்டத்தை நடத்த வந்த தாசில்தார்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டு தூக்கியது.

இராமலிங்கம் எழுந்து வெளியே நடந்தார். மேசையில் அவர் விட்டுப்போன மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அத்தை பின்னாலேயே ஓடியது.

"அண்ணே, கண்ணாடி!"

"இனிமே கையெழுத்து வேலை இல்லியே. அது எதுக்கு?"

அவரை இறக்கியது தானா, சட்டமா என்று அத்தைக்கு விளங்கவில்லை. கண்ணாடியை முந்தானையில் துடைத்து அவர் சட்டைப்பையில் வைத்தது. அவர் தடுக்கவில்லை.