புகைக்கூடத்தில் உட்கார்ந்தவர்கள்

பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எஸ்டேட்டுப் பேயில் பாதி கள்ளுக்கடையில்தான் பிறக்கிறது என்பேன். அதனால் நீங்கள் சிரித்தாலும் கோபப்பட மாட்டேன், ஆனால் அன்றைக்கு நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை.

மலாயாவில், காம்பாரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தோட்டம். ரப்பர் ஷீட் காயும் புகைக்கூடத்தில் எனக்கு வேலை. நடுவில் நெருப்புக் குழி, சுற்றிலும் கழிகளில் வெள்ளை ஷீட்டுகள், கட்டை போட்டுப் புகையைக் காப்பாற்றி, பழுப்பேறியதும் இறக்க வேண்டும். அதற்கு முன் ஒரு தடவை ஷீட் கெட்டுப்போனதில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கத்திவிட்டார். "இன்னொரு தடவ கெட்டா நீ லயத்த காலி பண்ணு." என் மனைவி பாக்கியத்துக்கு அப்போது நிறைமாதம், தோட்டம் கொடுத்த லயத்து வீட்டை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் கிடையாது. இந்தத் துரைக்கு இடது கை இல்லை. ஜெர்மன் சண்டையில் போனது, காலிச் சட்டைக்கையைப் பாக்கெட்டில் செருகியிருப்பார்.

கிறிஸ்துமஸ் அன்று அவர் ஈப்போ கிளப்புக்குப் போய்விட்டார். மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. கட்டை போட உள்ளே போகிறேன், நெருப்பைச் சுற்றி வெள்ளைக்காரர்கள்! கம்பளிக் கோட்டு, முழங்கால்வரை சேறு, வாயிலிருந்து ஆவி வருகிறது, நான் சுருட்டு என்று நினைத்துக்கொண்டேன். நாம் கண் எரிந்து ஓடிவருகிற புகையில் அவர்கள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். துரையின் விருந்தாளிகள் மழைக்கு ஒதுங்கியிருக்கிறார்கள், எழுப்ப நான் யார்?

"கொஞ்சம் நகருங்க தொரெ" என்றேன்.

நகர்ந்தார்கள். ஒருவர் தோள் என் கையில் பட்டது, அப்படி ஒரு குளிர். பாவமாக இருந்தது, கட்டை கூடுதலாகவே போட்டேன். கடைசி ஆளின் முகம் மட்டும் புகையில் தெரியவில்லை. வெளியே வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன், யாரும் வரவில்லை, மழை விட்டதும் கதவைத் திறந்தால் உள்ளே ஒருவரும் இல்லை.

ஷீட் இறக்கும் நாளில் துரை பக்கத்திலேயே நின்றார். நெருப்பைப் பார்த்த வரிசையில், பழுப்புக்கு நடுவே வெள்ளைத் திட்டுகள். உற்றுப் பார்த்தால் தலை, தோள், முதுகு. புகை படாமல் ஆட்கள் மறைத்து உட்கார்ந்த இடம், நம்பினால் நம்புங்கள். லயம் போச்சு என்றுதான் நினைத்தேன். நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன்.

துரை ஒவ்வொரு திட்டாகத் தொட்டு ஒவ்வொரு பெயர் சொன்னார், சண்டையில் கூட இருந்து செத்தவர்களாம். கடைசி உருவத்தின் இடது கை பக்கத்து ஆளின் தோளைச் சுற்றிக் கிடந்தது. அதற்கு மட்டும் பெயர் சொல்லவில்லை. திரும்பி, அதன்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். ஒரு பக்கமாகச் சாய்கிற அவர் தலைகூட அதில் பொருந்தியது.

"அவங்களுக்குக் குளிர் போச்சா?" என்று கேட்டார்.

"போச்சு தொரெ. கட்ட கூடத்தான் போட்டேன்."

அவர் அழுதார். "இந்த ஷீட் விக்காதே, எனக்கு வேணும்" என்றார். லயத்தைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை, என் மகள் அங்கேதான் பிறந்தாள்.

கிறிஸ்துமஸ் அன்று துரை நடுவில் தோட்டத்துக்கு வந்தாரா என்று கார் டிரைவரிடம் கேட்டுப் பார்த்தேன். "அன்னைக்கு தொரெ கிளப்ப விட்டு எங்கயும் போகலண்ணே, மத்தியானம் பூரா நாற்காலியிலயே நல்லா தூங்கிட்டாரு லா" என்றான்.

துரை சீமைக்குப் போய்விட்டார், ஷீட்டும் அவரோடு போய்விட்டது. இப்போதும் "கொஞ்சம் நகருங்க தொரெ" என்று சொல்லிவிட்டுத்தான் கட்டை போடுகிறேன். தரை சிமெண்டுத் தரைதான். ஆனாலும் மழை நாளில், சேற்றிலிருந்து பூட்ஸை இழுத்து நகர்கிற சத்தம் கேட்கிறது.