அறுபது என்று எழுதிக் கொடுத்தேன்

காலாண்டுத் தேர்வில் கணக்கில் முப்பத்தொன்று வாங்கினேன். பாலிடெக்னிக்கில் சேர அது போதாது. அரையாண்டுக்கு அறுபது என்று முடிவுசெய்து ஒரு தாளில் திட்டம் எழுதினேன். ஜியோமெட்ரி தேற்றங்கள் முழுவதும் படிப்பது, அல்ஜீப்ராவில் எனக்கு வருகிற பாடங்களை மட்டும் போடுவது, வராததைத் தொடுவதில்லை. திருத்திக் கொடுப்பார் என்று நம்பி அதைக் கணக்கு டீச்சரிடம் கொடுத்தேன். அவர் அதை வகுப்பில் உரக்கப் படித்தார்.

"மார்க்கை மளிகைச் சாமான் மாதிரி எழுதிக்கிட்டு வந்திருக்கா பாருங்க!"

அந்தக் குரலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பின்பெஞ்சுக்காரியும் விடவில்லை. "இன்னாமே, ஜோசியம் சொல்லிகினு கீறியா? எனக்கும் ஒண்ணு சொல்லு."

தினமும் ஆலைச் சங்கு ஊதி அப்பா வேலைக்குப் போனதும் உட்கார்ந்து தேற்றங்களை எழுதிப் பார்த்தேன். அரையாண்டில் அறுபத்திரண்டு வந்தது. டீச்சர் என் விடைத்தாளை மட்டும் தரவில்லை.

"யாரைப் பார்த்து எழுதின? உண்மையைச் சொல்லு. இல்லன்னா இந்த மார்க்கை அடிச்சுடுவேன்."

"யாரையும் பார்க்கலை டீச்சர். வேணும்னா இப்பவே வேற கேள்வி கொடுங்க."

ஆசிரியர் அறையில் தன் மேஜைக்கு எதிரே என்னை நிற்கவைத்து மூன்று தேற்றங்கள் கொடுத்தார். நின்றபடியே எழுதினேன். மூன்றும் சரி. அவர் விடைத்தாளை மேஜைமேல் வீசினார்.

எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினேன்.

"முழுப்பரீட்சைக்கு எழுபத்தஞ்சு எழுதி வச்சிருக்கேன் டீச்சர். அதுக்கும் இங்க வந்து நிக்கணுமா?"